டெல்பாவின் கைக்கு ஏற்ற துப்பாக்கி

லாரல் ஃபோர்க் சாலை,
கிழக்கு கென்டக்கி.
மே 23, வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய அக்கா இமோஜீனுக்கு உன் தம்பி விர்ஜில் பணிவுடன் எழுதுவது.

இங்கே நானும் டெல்பாவும், என் இடது முட்டி ஒன்றைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கும் அளவில், சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே டேட்டனில் நீயும் உன் பூனையும், உன் மாடிக்கு மேல் குடியிருந்துகொண்டு தரையைத் தட்டும் அந்த மனிதரும் சுகமென்று நம்புகிறேன். தக்காளி நட்டாயிற்று. மழைக்குக் குறைவில்லை. வெள்ளைக் கோழி மட்டும் முட்டையிடுவதை நிறுத்திவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறது.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. எதிர்வீட்டுக் கதவை யாரோ உடைத்ததைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கப் போகிறாய் என்றும், வெளியில் தெரியாமல் உடம்போடு வைத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்றும், எது நல்லது என்று ஒரே ஒரு வரியில் எழுதினால் ஜூன் முதல் சனிக்கிழமை கடைக்குப் போய் வாங்கிவிடுவாய் என்றும் எழுதியிருந்தாய். நானும் ஒரு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அக்கா, இந்த விஷயத்தில் ஒரு வரியில் பதில் சொல்லுகிறவன் யாராக இருந்தாலும் அவன் பேச்சைக் கேட்காதே. பிப்ரவரியில் நான் அப்படிப் பதில் சொன்னவன். அதன் பலனாக நான்கு நாட்கள் காபிக் கோப்பையை இடது கையால்தான் தூக்கினேன்.

நீ கவலைப்படுவாய் என்று உனக்கு எழுதாமல் விட்ட ஒரு சங்கதியிலிருந்து தொடங்க வேண்டும். டெல்பா கடையை மூடிய பிறகும் முடிதிருத்தும் வேலையை விடவில்லை என்பது உனக்குத் தெரியும். படியிறங்க முடியாத பெண்களின் வீடுகளுக்குத் தானே காரில் போய் முடி வெட்டி, அலசி, சுருட்டிவிட்டு வருகிறாள். மலை இடுக்குகளில் பதினோரு வீடுகள். அவர்களில் யாராவது இறந்துபோனால் அடக்கத்துக்கு முன் கடைசியாகத் தலை வாரிவிடுவதும் அவள்தான். பிப்ரவரி முதல் வாரம் ஒரு பகல் வேளையில், ரிட்சி அம்மாளின் வீட்டுக்குப் போகும் ஓடைக்கரைப் பாதையில், ஒரு கார் மட்டுமே போகக்கூடிய அந்தக் குறுகலில், சாம்பல் நிற பிக்கப் வண்டி ஒன்று குறுக்கே நின்றது. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு வாயில் துணி கட்டிய ஒருவன் இரும்புக் கம்பியோடு வந்து கண்ணாடியைத் தட்டி, பையைக் கொடு என்றிருக்கிறான். டெல்பா பையைக் கொடுக்கவில்லை. காரைப் பின்னோக்கியே நானூறு கஜம் ஓட்டி, வழியில் ஒரு தபால் பெட்டியை இடித்துச் சாய்த்துவிட்டு, தார்ச்சாலையை அடைந்து வீடு வந்து சேர்ந்தாள். வந்தவள் சமையலறை நாற்காலியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் பிடிபடவில்லை. ஷெரீஃப் அலுவலகத்தில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அதன் பிறகு பத்து நாட்கள் அவள் எங்கும் போகவில்லை. தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருக்கும். தலை நமைக்கிறது என்று ஒருத்தி, மகள் வருகிறாள் இந்தக் கோலத்தில் எப்படி இருப்பேன் என்று ஒருத்தி. டெல்பா ஒவ்வொருவரிடமும் சளி பிடித்திருக்கிறது என்று பொய் சொன்னாள். நாற்பத்து நான்கு வருடத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். பதினோராவது நாள் காலையில் முட்டை பொரித்துக்கொண்டே, அடுப்பைப் பார்த்தபடி, "நான் வேலையை விடப் போறதில்ல. எனக்கு ஒரு துப்பாக்கி வேணும். இடுப்புல இருக்கணும், யாருக்கும் தெரியக் கூடாது" என்றாள்.

அக்கா, ஒரு கணவன் இதற்காகவே பிறந்தவன் என்று நினைத்தேன். என்னிடம் விடு என்று சொல்லிவிட்டு நேரே தீவனக் கடைக்குப் போனேன். அங்கே காபிப் பாத்திரத்தைச் சுற்றி எப்போதும் ஐந்து பேர் இருப்பார்கள். முதல் துப்பாக்கியாக ஒரு பெண்ணுக்கு எது ஏற்றது என்று கேட்டேன். ஐந்து பேரும் ஏழு பதில் சொன்னார்கள். ஒருவர் பெரியதாக வாங்கு, பார்த்தவுடனே ஓடுவான் என்றார். மறைத்து வைத்ததை எப்படிப் பார்ப்பான் என்று இன்னொருவர் கேட்க, அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. நிலக்கரி லாரி ஓட்டிக்கொண்டிருந்த லோனியை நீ பார்த்திருப்பாய். பெண்களுக்குச் சின்னக் கை, ஆகையால் சின்னத் துப்பாக்கி, அதிலே யோசிக்க என்ன இருக்கிறது என்று அவன் தீர்ப்புச் சொன்னான். அது எனக்கு மிக அறிவுள்ள பேச்சாகப் பட்டது. டெல்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உள்ளங்கையில் அடங்குகிற, இறகு மாதிரி எடையுள்ள, ஐந்து தோட்டா போடுகிற சின்ன ரிவால்வர் ஒன்றை வாங்கினேன். அதன் பிடி ரோஜா நிறம். காதலர் தினத்துக்காக ஒரு இதய வடிவச் சாக்லேட் பெட்டியும் வாங்கி இரண்டையும் சேர்த்து நாடா கட்டிக் கொடுத்தேன். டெல்பா பிரித்துப் பார்த்தாள். ரிவால்வரைச் சற்று நேரம் பார்த்தாள். என்னைச் சற்று நேரம் பார்த்தாள். "சாக்லேட் நல்லாயிருக்கு" என்றாள்.

நம் மாநிலத்தில் இப்போது மறைத்து வைத்துக்கொள்வதற்கு அனுமதிச் சீட்டுகூடக் கட்டாயமில்லை. ஆனாலும் முறையாகக் கற்காமல் அதில் ஒரு தோட்டாகூடப் போடமாட்டேன் என்று டெல்பா சொல்லிவிட்டாள். அதனால் ஒனீட்டா காம்ப்ஸிடம் போனோம். ஷெரீஃப் அலுவலகத்தில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தன் நிலத்தில் மலைச்சரிவை வெட்டி மண்மேடு எழுப்பிச் சுடும் திடல் வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் எடுத்துப் பார்க்க ஒரு நீள மேசை நிறைய விதவிதமான துப்பாக்கிகள். சத்தமாகப் பேச மாட்டாள். அவள் பேசும்போது நாமே சத்தத்தைக் குறைத்துக்கொள்வோம், அப்படி ஒரு பெண்மணி. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினை, சுட விரும்பாத எதன் பக்கமும் அதைத் திருப்பாதே, சுடுகிற தருணம் வரை விசையில் விரல் வைக்காதே என்று முதல் நாள் முழுக்க அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டே மேசையில் இருந்த ஒன்றை எடுத்தேன். என் சுட்டுவிரல் நேராக விசையில் போய் உட்கார்ந்துவிட்டது. அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானாக எடுக்கும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தாள். அந்தப் பார்வைக்குப் பின் அந்த விரல் வீட்டில் கதவு மணியை அழுத்தக்கூடத் தயங்குகிறது.

டெல்பா ரோஜா நிற ரிவால்வரால் ஒரே ஒரு முறை சுட்டாள். குண்டு எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனால் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தோல் உரிந்துவிட்டது. ரிவால்வரை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டாள்.

"இதை யாரு எடுத்தது அக்கா?" என்று ஒனீட்டா கேட்டாள்.

"வீட்டுக்காரர்."

"அண்ணே, இங்க வாங்க. அஞ்சு ரவுண்டு சுடுங்க."

சுட்டேன் அக்கா. கதவிடுக்கில் கையை வைத்துவிட்டு ஐந்து முறை கதவைச் சாத்தச் சொன்னது போல இருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கண்ணில் நீர் கோத்திருந்தாலும் பரவாயில்லை என்றேன். அப்படியானால் இன்னும் ஐந்து சுடுங்கள் என்றாள். பரவாயில்லை என்றது மரியாதைக்குச் சொன்னது என்றேன். அதற்கும் அவள் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினாள். துப்பாக்கி கனமாக இருந்தால் உதைப்பில் பாதியை அந்த இரும்பே வாங்கிக்கொள்ளும். இறகு மாதிரி இருந்தால் முழு உதையும் கைக்குத்தான். தூக்கிக்கொண்டு அலைவதற்குச் சுகமானது சுடுவதற்குக் கொடுமையானது. வலிக்கிற துப்பாக்கியை யாரும் பழக மாட்டார்கள், பழகாத துப்பாக்கி ஆபத்து நேரத்தில் நமக்கே எதிரி. பல வருடம் பழகியவர்கள் விரும்பி வாங்குகிற அந்தச் சின்ன ஜாதியை முதல்முறை பிடிக்கிறவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கிற கணவன்மார்கள் வருடத்துக்கு இருபது பேராவது தன்னிடம் வருகிறார்கள் என்றாள். நான் மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனிமேல் நான் சொல்லப்போவதை நீ கவனமாகப் படிக்க வேண்டும். அன்றுமுதல் நான் சாமான் தூக்குகிறவன் மட்டும்தான். தேர்ந்தெடுத்தது முழுக்க டெல்பா. மேசையிலிருந்து ஒனீட்டா ஆறு துப்பாக்கிகளை எடுத்து வரிசையாக வைத்தாள். நான் இந்த நிறம், அந்த வடிவம் என்று வாயெடுத்தேன். டெல்பா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நான் கத்திரிக்கோல் வாங்கும்போது கடைக்காரன் சொல்றதையா கேக்கறேன்? என் கட்டைவிரல் சொல்றதைத்தான் கேப்பேன். சித்த நேரம் சும்மா இருங்க."

ஒவ்வொன்றையும் அவள் எடுத்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முதலில் சுடவே இல்லை. காலி செய்து, காலி என்று ஒனீட்டாவுக்குக் காட்டி, பிறகு கையில் உட்காரவைத்துப் பார்த்தாள். சுண்டுவிரலுக்குப் பிடியில் இடம் இருக்கிறதா, விரல் நுனி நெளியாமல் விசையை எட்டுகிறதா, தன் மூக்குக் கண்ணாடி வழியாகக் குறிமுள் தெளிவாகத் தெரிகிறதா, தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும் பொத்தான் எங்கே இருக்கிறது. பிஸ்டல்களில் மேலே இருக்கும் இரும்பைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும் அல்லவா, அது அவளுக்கு வரவில்லை. எனக்கு அவ்வளவு பலம் இல்லை என்றாள். நான் உடனே பார்த்தாயா என்று ரிவால்வர் பக்கம் கண்ணைக் காட்டினேன். ஒனீட்டா அவள் பின்னால் போய் நின்று, மேல் கையால் இழுக்க வேண்டாம், அதை இறுகப் பிடித்துக்கொண்டு கீழ்க் கையை உடம்போடு சேர்த்து முன்னால் தள்ளுங்கள் என்றாள். கடக் என்று வந்துவிட்டது. டெல்பா திரும்பத் திரும்பப் பத்து முறை செய்தாள். "ரிட்சி அம்மா தலையை அலசறதுக்குத் தூக்கிப் பிடிக்கறதை விட இது லேசு" என்றாள். ஒனீட்டா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மூன்று சனிக்கிழமைகள் போனோம். டெல்பாவிடம் ஒரு பழைய நோட்டு உண்டு. யார் தலைக்கு எந்தச் சாயம், யாருக்கு எந்த ஷாம்பு அரிக்கும் என்று வாடிக்கையாளருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதியிருப்பாள். அதிலேயே பின்பக்கமிருந்து துப்பாக்கிக்கு ஒரு பக்கம் ஒதுக்கினாள். ஒவ்வொன்றிலும் ஐம்பது குண்டு சுட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுதுவாள். நான் எட்டிப் பார்த்தேன். "நல்ல பிடி, கெட்ட சுபாவம்." "இருபதாவது குண்டுக்கு மேல் மணிக்கட்டு முனகுகிறது." "பார்க்க லட்சணம், கோபம் வந்தால் எங்கே சுடும் என்று தெரியாது, விர்ஜிலின் சித்தி மாதிரி." நாம் சித்தியைப் பற்றி அப்படிப் பேசியதில்லை, ஆனால் உண்மை.

இரண்டாவது சனிக்கிழமை குண்டுகள் எல்லாம் கீழேயே போய் விழுந்தன. ஒனீட்டா எங்களுக்குத் தெரியாமல் தோட்டாக் கூட்டில் நடுநடுவே வெற்றுத் தோட்டாக்களைக் கலந்து வைத்தாள். வெற்றுத் தோட்டா வரும்போது சத்தமும் இல்லை, உதையும் இல்லை, ஆனாலும் டெல்பாவின் கை பயத்தில் குபுக்கென்று தாழ்ந்தது. அதைத் தன் கண்ணாலேயே பார்த்தவள், "ஓ, சுடறதுக்கு முன்னாலயே நான் பயந்துக்கறேன்" என்று ஏதோ தலையில் பேன் கண்டுபிடித்தவள் போலச் சாதாரணமாகச் சொன்னாள். அந்த அரை மணி நேரத்தில் அதைச் சரிசெய்துவிட்டாள். எனக்கும் அதே சோதனை வைத்தார்கள். அந்த விவரம் உனக்குத் தேவையில்லை.

கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல். சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை. கறுப்பு. தகர டப்பாவுக்குப் பிடி வைத்தது போல இருக்கும். அழகாகவே இல்லையே என்றேன்.

"உங்களை மட்டும் அழகுக்காகவா எடுத்தேன்?" என்றாள்.

இனி துப்பாக்கியை வைக்கும் உறை. இதில்தான் அக்கா, முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள் என்று ஒனீட்டா சொன்னாள். டெல்பா முதலில் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பையைத்தான் முதலில் பறிப்பான், அதோடு போகிற வீட்டில் பேரப்பிள்ளைகள் மிட்டாய் தேடிப் பைக்குள் கைவிடுவார்கள் என்று ஒனீட்டா சொன்னதும் அந்த யோசனை செத்தது. ஆனால் வேலைக்குப் போகும்போது டெல்பா போடுவது இடுப்பில் நாடா கட்டிய கால்சட்டை, மேலே தொளதொள அங்கி. பெல்ட் கிடையாது. அவளுக்கு வழிகாட்ட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், பெல்ட் இல்லாமல் இடுப்பில் வைத்துக்கொள்ள முடியுமா என்று நானே சோதித்துப் பார்க்கத் துணிந்தேன்.

மார்ச் கடைசி ஞாயிறு. தேவாலயத்தில் ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் பொது விருந்து. அப்பாவின் பழைய கனமான பிஸ்டலை, தோட்டா எதுவும் போடாமல் (டெல்பா அந்த அளவுக்கு என்னைப் பழக்கியிருந்தாள்), தொள்ளாயிரத்து எழுபதுகளில் வாங்கிய தோல் உறையோடு, தோள்பட்டி மாட்டிய கால்சட்டையின் உள்பக்கம் செருகியிருந்தேன். பிரசங்கம் முழுக்க அது அசையவில்லை. படியிறங்கும்போது மனதுக்குள் வெற்றி முழக்கம். டெல்பா செய்த பீன்ஸ் பாத்திரத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றபோது, இடுப்பில் ஏதோ விடைபெற்றுக்கொள்வது தெரிந்தது. உறையும் பிஸ்டலும் சேர்ந்து கால்சட்டைக்குள்ளேயே தொடை வழியாக நிதானமாகப் பயணம் செய்து, இடது முட்டிக்குப் பக்கத்தில் வந்து சிக்கிக்கொண்டன. காலை மடக்கினால் கீழே விழும். நீட்டியபடியே இழுத்து இழுத்து நடந்தேன். முதலில் கவனித்தவர் பியானோ வாசிக்கிற அம்மாள். விர்ஜிலுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்று அவர் சொன்னதும் மக்ரோனி, கோழிப் பொரியல், வாழைப்பழப் புட்டிங் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது. முட்டிதான், வேறு ஒன்றுமில்லை என்றேன். அது தவறான பதில். உடனே என்னை நாற்காலியில் உட்காரவைத்து, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டவைத்து, முட்டிக்காக ஜெபிக்கத் தொடங்கினார்கள். போதகர் சகோதரர் ஹோபர்ட் கண்ணை மூடிக்கொண்டு என் முட்டியின் மேல் கையை வைத்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். கையை எடுக்கவில்லை. ஜெபத்தை நல்லபடி, எதையும் குறைக்காமல் முடித்தார். எல்லோரும் ஆமென் சொன்ன பிறகு என் காதருகில் குனிந்து, "சகோதரர் விர்ஜில், தடிமனான பெல்ட் ஒண்ணு வாங்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புட்டிங் எடுக்கப் போனார். இன்றுவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முட்டி மட்டும் அன்றிலிருந்து நிஜமாகவே வலிக்கிறது.

டெல்பா சிரித்து முடிக்க இரண்டு நாளாயிற்று. அதன் பிறகு தானே வழி கண்டுபிடித்தாள். வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான பட்டி. அதில் விசையை முழுக்க மூடிக்கொள்ளும் கெட்டியான கூடு பொருத்தியது. அதைக் கட்டிக்கொண்டு, காலித் துப்பாக்கியோடு, தோட்டாக்களைப் படுக்கையறையில் பூட்டிவிட்டு, ஒரு மாதம் வீட்டுக்குள் பழகினாள். குனிந்தாள், மண்டியிட்டாள், காரில் ஏறி இறங்கினாள். என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தலையை அலசி, சுருள் ஊசி மாட்டி, என் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். எங்காவது துருத்துகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஏப்ரல் முழுக்க நான் சுருட்டை முடியோடு தீவனக் கடைக்குப் போனேன். லோனி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரோஜா நிற ரிவால்வரை ஞாபகப்படுத்தியதும் காபியைக் குடித்தான்.

மே முதல் தேதி அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று அவள் கார் வளைவு திரும்பும்வரை பார்த்தேன். இடுப்பில் இருப்பது எனக்குத் தெரியும், ஆனால் எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை. அவள் தோளை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது மட்டும் தெரிந்தது.

இப்போது முந்தாநாள் செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். காலை பத்து மணி. அதே ஓடைக்கரைப் பாதை. அதே சாம்பல் நிற பிக்கப், குறுக்காக. டெல்பா இந்த முறை கிட்டே போகவில்லை. வெகு தூரத்திலேயே நிறுத்தினாள். ஒனீட்டா அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் சுடுவது கடைசிப் பாடம்தான். முதல் பாடம் தூரம். கதவுகளைப் பூட்டினாள், கண்ணாடியை ஏற்றினாள், பின்னோக்கிப் போகக் கியரை மாற்றிக்கொண்டு, ஷெரீஃப் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தாள். வண்டியிலிருந்து ஒருவன் இறங்கினான். கையில் இரும்புக் கம்பி. நேரே இவளை நோக்கி நடந்து வந்தான். டெல்பா ஸ்டீயரிங்கிலிருந்து வலது கையை எடுத்து, அங்கியின் மேல், இடுப்பருகில் வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள். எடுக்கவில்லை. துணியைத் தூக்கக்கூட இல்லை. அவனையே பார்த்தாள். அந்தத் திருடன் இருபது அடி தூரத்தில் நின்றான் அக்கா. நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கினான். பிறகு திரும்பிப் போய்த் தன் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். கால் மணி நேரத்தில் துணை ஷெரீஃப் வந்து அவனை விசாரணைக்கு ஏற்றிக்கொண்டு போனார். டெல்பா தூரத்தில் காருக்குள் இருந்தபடியே, இடுப்பில் இருப்பதை அவரிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்கினாள். அதை அவனுக்குக் காட்டினீர்களா என்று அவர் கேட்டதற்கு, மறைத்து வைத்தது மறைவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன் என்றாளாம். பிப்ரவரியில் வந்தவன் இவன்தான் என்று சத்தியம் செய்வீர்களா என்றும் கேட்டிருக்கிறார். முகத்தைப் பார்க்கவில்லை, செய்ய மாட்டேன் என்றாள். திருடனிடமும் நியாயம் பார்க்கிறவள், அது அவள் பெருந்தன்மை.

அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை என்பது. நேரே ரிட்சி அம்மாளின் வீட்டுக்குப் போய் தலை அலசி, இருபத்தாறு சுருள் மாட்டி, காயவைத்து, கண்ணாடி காட்டிவிட்டு வந்தாள். கடைசிச் சுருளை எடுத்த பிறகுதான் நடந்ததைச் சொன்னாளாம். அந்த அம்மாள் மோரும் சோள ரொட்டியும் கொடுத்து அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்களாம். இதை நான் ஐந்து பேருக்கும் தீவனக் கடையில் நேற்றே சொல்லிவிட்டேன். லோனி தொப்பியைக் கழற்றினான். நான் ராணுவத்தில் இருந்தபோது பெரிய பெரிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டுச் சமையலறையில் நிற்பவளுக்கு ஈடாக ஒருவரையும் பார்த்ததில்லை. இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

ஆகவே அக்கா, எந்தத் துப்பாக்கி என்று பெயர் எழுதப் போவதில்லை. உன் கை வேறு, டெல்பாவின் கை வேறு. சுட்டுப் பார்க்காமல் வாங்காதே. உறையைக் கூடவே யோசி. திருடனை நேருக்கு நேர் பார்த்தால் அவன் தானாகவே கையைத் தூக்குவான் என்பதற்கு டெல்பாவே சாட்சி.

கர்த்தர் உன் நிலையையும் கதவையும் காப்பாராக. பூனைக்கு என் விசாரிப்பு. மாடியில் தரையைத் தட்டுகிறவருக்கும், அவர் நிறுத்தியிருந்தால், விசாரிப்பு. உன் மூட்டுகள் உனக்கு அடங்கி நடக்கட்டும்.

என்றும் உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
விர்ஜில் ஸ்டாம்ப்பர்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. கடித உறையை ஒட்டப் போகும் நேரத்தில் துணை ஷெரீஃபிடமிருந்து தொலைபேசி. அக்கா, செவ்வாய்க்கிழமை ஆள் திருடன் இல்லை. பெயர் டார்ல் ஹென்ஸ்லி. அடுத்த மாவட்டத்தில் கிணற்று பம்ப் பழுதுபார்ப்பவர். பிப்ரவரியில் அந்த வாரம் முழுக்க சிறுநீரகக் கல்லுக்காக மருத்துவமனையில் படுத்திருக்கிறார். சாம்பல் நிற பிக்கப் ஊரெல்லாம் இருக்கிறது. செவ்வாயன்று டயர் வெடித்து வண்டி குறுக்கே திரும்பி நின்றுவிட்டது. கையில் இருந்தது சக்கர மரை கழற்றும் கம்பி. நம் காரில் ஜாக்கி இருக்கிறதா என்று கேட்க வந்திருக்கிறார். ஏன் திரும்பிப் போனாய் என்று துணை ஷெரீஃப் கேட்டாராம். "அந்த அம்மா முகத்தைப் பாத்தேன் சார். என்னைப் பாத்துப் பயந்து அப்படி ஒரு முகம் நான் பாத்ததே இல்ல. கஷ்டமாப் போச்சு. கையை ஆட்டிட்டு வந்துட்டேன்" என்றாராம்.

மேலே நான் எழுதியதில் அவரைத் திருடன் என்று சொன்ன இடங்களையெல்லாம் நீயே அடித்துவிடு. கடைசி அறிவுரையையும் அடித்துவிடு. தீவனக் கடைக்கு நான் இன்று போய் ஐந்து பேர் முன்னால் நிற்க வேண்டும்.

டெல்பாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். நீ ஒரு தப்பும் செய்யவில்லையே என்றேன்.

"செய்யல. ஆனா செய்யறதுக்கும் செய்யாததுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். இந்தத் துணியோட கனம்தான்" என்று அங்கியின் ஓரத்தை விரலால் பிடித்துக் காட்டினாள்.

பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பிப்ரவரி ஆள் இன்னும் எங்கோ இருக்கிறான், ஆகையால் பட்டியைக் கழற்றப் போவதில்லை என்றாள். உனக்கும் சொல்லச் சொன்னாள்: முதல் சனிக்கிழமை கடைக்குப் போகாதே. நாங்கள் வருகிறோம், அவள் உன்னோடு மூன்று நாள் உட்கார்ந்து பேசுவாள், அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் வாங்கலாம். வேண்டாமென்றால் நல்ல தாழ்ப்பாள் போட்டுக்கொடுத்துவிட்டு வருவோம்.

இப்போது கேக் வெந்துகொண்டிருக்கிறது. மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு ஹென்ஸ்லி வீட்டுக்குப் போகிறோம். அவர் தலையைச் செவ்வாய்க்கிழமையே கவனித்தாளாம், காதோரம் மோசமாக வெட்டியிருக்கிறது, அதையும் சரிசெய்ய வேண்டுமாம். கத்திரிக்கோல் பெட்டியைக் காரில் வைத்தாயிற்று. ஜாக்கியை வெளியிலிருந்து சுலபமாக எடுக்கும்படி மேலாக வைக்கச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள், போகிறேன்.